ஔவையாய் ஒலித்த குரல்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடித் திருத்தலத்தில் 1908ஆம் ஆண்டு வறிய குடும்பத்தில் தோன்றியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். இளமையில் இரயில்வண்டிகளில் பாடிப் பொருளீட்டிய அச்சிறுமியை நாடக மேடை ஏற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி வாராத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையினருக்கும் சொல் விளங்கப் பாடவேண்டும். அத்தேவையே அவர்தம் கணீரென்ற குரலையும் தெளிந்த உச்சரிப்பையும் உரமிட்டு வளர்த்தது.

உச்ச சுருதியில் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்து பாடி, அவரையே மணந்தார். ஆயினும் கணவரின் பாணிக்கு நிழலாகாது தம் குரலிலேயே நிலைத்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தார். 25 வயதே நிரம்பிய அம்மையார் வெள்ளாடை பூண்டார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லையென உறுதி கொண்டார். காதற் பாடல்களில் பழகிய குரல் பக்தியிற் புகலடைந்தது. 1935இல் நந்தனாராகவே திரையில் தோன்றினார். 1953இல் ஔவையாராகி, முருகனையும் விநாயகனையும் பாடினார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் ஔவையாகவே வந்தார்.

1980இல் அம்மையார் மறைந்தார். துயரம் அக்குரலை அடக்கவில்லை. அதற்கு ஆழம் தந்தது. பிள்ளையாரின் பெயரையே தாங்கிய பிள்ளையார்குப்பத்தில், ஔவையை நினைப்போர் செவியில் இன்றும் அம்மையாரின் குரலே எழும்.