பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஜி.டி.நாயுடுவை நினைச்சுக்கோங்க!

போன மழை சீசன். போடியில மூணு நாளா விடாத தூறல். எங்க ரூம் கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, ஆனா ஸ்கிரீன் கருப்பு. மதர்போர்டு போச்சுன்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மாத்தவே ரெடியாயிட்டோம். அப்போ ஒரு சீனியர் அண்ணன் வந்து ரேமைக் கழற்றி, அதோட தங்க நிற முனையை பென்சில் ரப்பரால துடைச்சு மறுபடி மாட்டினார். ஸ்கிரீன் வந்துடுச்சு! அன்னைக்கு எனக்கு ஞாபகம் வந்தவர் ஜி.டி.நாயுடு.

1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோனது. ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி எப்படி ஓடும்? அதைத் தெரிந்துகொள்ள அந்த வண்டியே வேண்டும். கோவையில் ஒரு ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கினதும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டார். பிறகு திரும்ப மாட்டினார். எந்தப் பாகம் எதுக்கு, எது நின்னா எது நிற்கும்னு கைக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அவரே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். ரேஸர், ரேடியோ, ஜூஸ் பிழியும் கருவி என்று கை வைக்காத துறை இல்லை.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாக உதவி, அதன் முதல் முதல்வரும் ஆனார். டிகிரி இல்லாத முதல்வர்! கையால் செய்து பழகினால் வருஷக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

நாம நாலு வருஷம் படிக்கிறோம். சிஸ்டம் படுத்தா முதல்ல ஆன்லைன்ல விலை பார்க்கிறோம். அதுக்கு முன்னாடி பவர் கேபிளைப் பாருங்க. பீப் சத்தம் வருதான்னு கேளுங்க. மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு ரேமை ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. நண்பன்கிட்ட நல்லா ஓடுற பார்ட் இருந்தா, ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்திச் சோதிங்க. எது பழுதுன்னு உறுதியான பிறகு பர்ஸைத் திறக்கலாம்.