ஸர் பிளிண்டர்ஸ் பெட்ரி

பண்டை மக்களின் வாழ்க்கையை உடைந்த மட்பாண்டச் சில்லுகளைக் கொண்டே உணரலாகும் என்று உலகிற்குக் காட்டிய பேரறிஞர் ஸர் பிளிண்டர்ஸ் பெட்ரி ஆவர். இவர் 1853-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்துச் சார்ல்ட்டன் என்னும் ஊரிற் பிறந்தனர். ஆஸ்திரேலியாவின் கரைகளை அளந்த மாத்யூ பிளிண்டர்ஸ் இவர்தம் தாய்வழிப் பாட்டனார்.

இளமையில் உடல் நலிவுற்றிருந்தமையால் இவர் பள்ளி சென்று பயின்றாரல்லர், இல்லமே கல்விச்சாலையாயிற்று. எட்டாம் வயதில், ஒயிட் தீவில் ரோமர் மாளிகையொன்றை மண்வெட்டியால் வாரியெறிந்து தோண்டிய செய்தியைக் கேட்டு இச்சிறுவர் மனம் பதைத்தார். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சீவியெடுத்து, உள்ளதை உள்ளவாறு நோக்க வேண்டும் என்பது அன்றே அவருக்குத் தோன்றிற்று. தந்தையார் நில அளவைக் கலையைக் கற்பித்தார். இருவரும் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தைக் கூடி அளந்தனர்.

அக்காலத்துப் பியாஸி ஸ்மித் என்னும் வான நூலார், எகிப்தின் பெரிய பிரமிடு தெய்வ ஏவலால் எழுந்தது என்றும், ஓராண்டின் நாட்கணக்கு அதன் அடிப்பக்க அளவில் அமைந்துள்ளது என்றும் எழுதினர். தந்தையார் அதனை உறுதியாக நம்பினார்; மைந்தரும் நம்பினார். அதனை மெய்ப்பிக்கும் நோக்கத்துடனே பெட்ரி 1880-இல் எகிப்து சென்றார். பாறையிற் குடைந்த பழங்கல்லறையொன்றில் தங்கி, இரண்டு பனிக்காலம் அளந்தார். கொள்கைக்கு வேண்டிய நீளம் ஏறக்குறைய 9,140 அங்குலம்; அவர் கண்டதோ 9,069 அங்குலமே. தந்தையின் நம்பிக்கை ஒருபுறம், தந்தை கற்பித்த அளவுகோல் ஒருபுறம் நின்றன. பெட்ரி அளவுகோலின் பக்கம் நின்று, 1883-இல் தம் முடிபை நூலாக வெளியிட்டார்.

பின்னர்த் தோண்டிய இடங்கள் பல. பொன்னையே தேடிய பிறர் எறிந்துவிட்ட ஓடுகளை இவர் வரிசைப்படுத்திக் காலமுறை வகுத்தார். சிறுபொருளும் தவறாதவாறு, கண்டெடுத்த கூலியாட்களுக்குத் தனிப்பரிசு அளித்தார். குப்து என்னும் ஊர் மக்களை இவர் பழக்க, அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அகழ்வுத் தொழிலிற் சிறந்தனர். 1892-இல் பதினேழு வயதினராய் இவர்பாற் பயின்ற ஹவார்டு கார்ட்டரே 1922-இல் துட்டங்காமன் கல்லறையைக் கண்டவர். அதே 1892-இல் பெட்ரி இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிற் பேராசிரியரானார். 1896-இல் இஸ்ரவேலின் பெயர் பொறித்த மெர்நெப்தா கல்வெட்டைக் கண்டெடுத்தார். மனைவியார் ஹில்டாவும் உடனிருந்து அகழ்ந்தும் வரைந்தும் துணைபுரிந்தார்.

மக்கட்குலங்களுள் உயர்வு தாழ்வு கற்பித்த இவர்தம் கருத்துக்கள் பிழையென இன்று தள்ளப்பட்டன. பிரமிடின்மேல் வைத்த அளவுகோலை அக்கருத்துக்களின்மேல் அவர் வைத்திலர். 1942-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் எருசலேமில் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்காள்! கையால் தொட்டு அளந்து அறிவதே அறிவு. அளந்து கண்டது நம் விருப்பத்திற்கு மாறாயினும் அதனை ஒப்புக்கொள்வதே ஆண்மை. இவ்விரண்டையும் பெட்ரியார் தம் இல்லத்திலேயே கற்றனர்.