பாரதியாரும் கேலிச் சித்திரமும்

பெரியோரைப் போற்றுதல் நம் நாட்டாருக்கு இயற்கையாய் அமைந்த குணம். ஆயினும் போற்றுதல் வேறு, அறிதல் வேறு. அறியாமற் போற்றுகிறவன், சிறு குறையொன்று செவிப்பட்டவுடன், போற்றிய வாயாலேயே தூற்றவும் தலைப்படுவான்; அல்லது குறையைச் சொன்னவன் வாயை அடைக்க முற்படுவான். இவ்விரண்டாவது பிழையை நாமே செய்தோம் என்பதை நம் சங்கத்து அன்பர்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

தாம்பரத்தில் நடைபெற்ற நம் சங்கத்துக் கட்டுரைப் போட்டியில், பல்லாவரத்து மாணவர் ஒருவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியாரைப் பற்றி எழுதியிருந்தார். கவி 1918ஆம் ஆண்டில் கடலூர்ச் சிறையிலிருந்து கவர்னருக்கு விண்ணப்பம் அனுப்பினார் என்னும் செய்தி அதிற் கண்டது. பரிசோதகருள் ஒருவராயிருந்த நாம், இஃது அவமதிப்பு என்று கருதி, அக்கட்டுரையை முடிவு வரை படியாமலே ஒதுக்கினோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது மாணவர் எழுதியது மெய்யென்று தெளிந்தோம். அதன் பயனே இவ்வியாசம்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். 1904இல் சென்னை வந்து சுதேசமித்திரன் பத்திரிகையில் அமர்ந்தார். 1906ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியப் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அரசியற் கேலிச் சித்திரத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் முதன் முதலாகப் புகுத்திய பெருமை அவ்வேட்டிற்கு உரியது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு அறுவருக்கும் குறைவு. அத்தகைய காலத்தில், எழுத்தறியாதவனும் நோக்கி உணரத்தக்க படத்தின் வலிமை எத்தன்மையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் கேலிச் சித்திரத்தின் இயல்பொன்றை நாம் மறத்தலாகாது. அது ஒருவனிடத்துள்ள ஒரு குணத்தை எடுத்து மலைபோற் பெருக்கிக் காட்டும். ஏனைய குணங்களை மறைத்துவிடும். எதிர்வாதத்திற்கு அதில் இடமில்லை. போராட்ட காலத்தில் அது கூரிய ஆயுதம். நியாயாதிபதியின் தராசு அன்று.

அக்காலத்துக் காங்கிரஸில் மிதவாதிகள் என்றும் தீவிரவாதிகள் என்றும் இரு கட்சிகள் இருந்தன. 1907 டிசம்பரில் சூரத்தில் அவை பிளவுற்றன. மிதவாதிகள் சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர் என்று தீவிரவாதிகள் எள்ளினர். பாரதியாரும் அவ்வாறே எள்ளினார். சென்னை மிதவாதிகளின் தலைவருள் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர் பத்திரிகையிற் பலமுறை தாக்கப்பட்டார். அந்த ஐயரோ, 1906இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து பல குடும்பங்கள் பொருளிழந்தபின், 1907இல் இந்தியன் வங்கி தோன்ற முன்னின்று உழைத்தவர். மயிலாப்பூரில் ஸமஸ்கிருதக் கல்லூரி நிறுவியவர். 1907ஆம் ஆண்டில் ஜி.ஏ. நடேசன் பாரதியாரை அவரிடம் அழைத்துச் சென்றார். பாடலைக் கேட்டு உருகிய ஐயர், கட்சிப் பகையைப் பாராட்டாது, மூன்று பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாய் வழங்கச் செய்தார். கவியின் தேசிய கீதங்கள் நூலுருவில் முதன்முதல் வெளிவந்தது அவர் எதிரியின் கையாலே என்பது சிந்திக்கத்தக்கது. அதன்பின்னும் பாரதியார் மிதவாதத்தைத் தாக்குவதை விட்டிலர்; ஐயரும் தம் கொள்கையை மாற்றிலர். இருவரும் தத்தமக்கு மெய்யெனப்பட்டதைக் கைக்கொண்டனர்.

1908இல் இந்தியாவின் பதிவுபெற்ற ஆசிரியரான சீனிவாசன் சிறைப்பட, பாரதியார் புதுச்சேரி சென்றார். அங்கிருந்து வெளிவந்த பத்திரிகையும் பிரிட்டிஷ் இந்தியாவில் நுழையத் தடை பெற்று 1910இல் நின்றது. வேவுகாரர் சூழ, வறுமை வாட்ட, மனைவி மக்களோடு பத்தாண்டு அவர் அங்குக் கழித்தார். பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயிற் பாட்டும் அந்த வறுமையிற் பிறந்த செல்வங்கள். 1914இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. ஆங்கில அரசைப் பகைத்த அக்கவியே, அவ்வரசின் துணை நாடாகிய பெல்ஜியம் ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்ற வீரத்தை வாழ்த்திப் பாடினார். பகைவரின் பக்கத்தும் அறம் இருத்தல் கூடும் என்று கண்ட உள்ளம் அது.

யுத்தம் முடிந்த 1918 நவம்பரில் அவர் புதுவையை விட்டு வெளிவந்தார், கடலூரருகே சிறைப்பட்டார். அப்போதுதான் அவ்விண்ணப்பம் எழுதப்பட்டது. அரசியலைத் துறந்ததாகவும் சர்க்காருக்கு விசுவாசமாய் நடப்பதாகவும் அதிற் கூறினார். சென்னைப் பிரமுகர் சிலர் பரிந்து பேச, நிபந்தனைகளின்மேல் டிசம்பரில் விடுதலை பெற்றார். விண்ணப்பத்தை எள்ளிய கையே விண்ணப்பம் எழுத நேர்ந்தது. கேலிச் சித்திரக்காரன் ஒருவன் இக்காட்சியை மட்டும் வரைவானாயின், படம் பொய்யன்று. ஆயின் அதற்கு முன்னிருந்த பத்தாண்டுத் துன்பம் அப்படத்தில் இராது. 1920இல் மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்து எழுதியதும், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் முப்பத்தெட்டாம் வயதில் மாய்ந்ததும் இரா.

பிற நாட்டிலும் இத்தகைய உதாரணம் உண்டு. நம் புறநகர்க் குழந்தைகளும் படித்து மகிழும் டாக்டர் சூஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஹிட்லரைச் சாடிப் படங்கள் வரைந்தார். அவரே 1942 பிப்ரவரியில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் அனைவரையும் துரோகிகளாகக் காட்டியும் வரைந்தார். அம்மாதத்திலேயே பிறந்த ஆணையால் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைபட்டனர். அவர் 1953இல் ஜப்பான் சென்று வந்தார். 1954இல் எளியோரின் குரலுக்குச் செவிசாய்க்கும் கதையொன்றை எழுதி ஜப்பானிய நண்பர் ஒருவருக்கு உரிமையாக்கினார். பிந்திய நன்மை முந்திய தீமையை அழித்துவிடாது. முந்திய தீமையும் பிந்திய நன்மையைப் பொய்யாக்கிவிடாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்தலே நடுவுநிலைமை.

பாரதியார் கதை அத்தன்மையதன்று; அவர் விண்ணப்பத்தால் பிறர் எவரும் தீங்குற்றதாக நாம் அறியோம். அவரிடத்து நாம் காணும் குறை, எதிர்க்கட்சியினரின் தொண்டைப் பாராமல் அவர்தம் கோழைமையை மட்டும் வரையச் செய்தமையே. தாமே விண்ணப்பம் எழுதிய நாளில், ஐயரின் கட்சியார் நிலையை அவர் உணர்ந்திருக்கலாம், உணராமலும் இருக்கலாம். நாம் உணர்தல் அவசியம். ஒருவர் செயலை அளக்கும்போது, அவர் அன்று அறிந்திருந்தது யாது, அவரை நெருக்கியது யாது, அச்செயலால் துன்புற்றவர் யாவர், பின்னர் அவர் செய்தது யாது என்னும் நான்கையும் வினவுவோமாக.

பல்லாவரத்து மாணவர் இவற்றுள் முதலிரண்டையும் தம் கட்டுரையிலேயே வினவியிருந்தார் என்பதை, அதை முடிவு வரை படித்த பின்னரே கண்டோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அவரே அதனைச் சபையில் வாசிக்குமாறு வேண்டியிருக்கின்றோம். அன்பர்கள் திரளாய் வந்து கேட்பாராக. மகாகவியின் படம் வழக்கம்போல் மேடையில் இருக்கும். அதனருகே கிருஷ்ணசாமி ஐயரின் படமும் இவ்வாண்டு முதல் இருக்கும்.