நாவுக்கரசரின் நட்பு

உண்மை நட்பிற்கு வயது வேற்றுமை தடையன்று, ஊர்த்தொலைவும் தடையன்று. இதனைத் தம் வாழ்க்கையால் உலகிற்கு உணர்த்திய பெரியார் திருநாவுக்கரசர். அவர் ஆண்டில் முதிர்ந்தவர். அவர்தம் நண்பராகிய திருஞானசம்பந்தரோ சிறுவர். இருவரும் ஒருங்கிருந்த நாள்கள் சில. பிரிந்து நடந்த நாள்களே பல. எனினும், இசையும் இறையன்பும் அவ்விருவரையும் இறுதிவரை பிணைத்து நின்றன.

திருநாவுக்கரசர் கி. பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். நடுநாட்டிலுள்ள திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரைத் தமக்கையார் திலகவதியார் வளர்த்தார். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். அப்பொழுது உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின்பொருட்டே உயிர் தாங்கினார்.

மருணீக்கியார் பாடலிபுத்திரம் சென்று, சமண சமயத்தைச் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் புகழ் பெற்றார். பின்னர்ச் சூலைநோய் அவரை வருத்தியது. தமக்கையாரை நாடி வந்து, திருவதிகை இறைவனைப் பாடினார், நோய் நீங்கிற்று. அன்று முதல் நாவினால் பாடுவதும், கையில் உழவாரம் கொண்டு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதும் அவர் தொண்டாயின. மன்னன் இழைத்த கொடுந்துன்பங்கள் பலவற்றையும் அஞ்சாமல் தாங்கினார்.

தில்லையில் தங்கியிருந்தபோது, சீகாழியில் குழந்தைப் பருவத்திலேயே பண்ணோடு பதிகம் பாடும் ஞானசம்பந்தரைப் பற்றி அவர் கேள்வியுற்றார். காணும் வேட்கை மிகுந்தது. முதுமையையும் பாராமல் சீகாழிக்கு நடந்தார். செய்தியறிந்த சம்பந்தரும் எதிர்கொண்டு வந்தார். நாவுக்கரசர் அச்சிறுவர் திருவடியில் விழுந்து வணங்கினார். சம்பந்தரோ அவர்தம் கைகளைப் பற்றி எடுத்து, அப்பர் என்று அழைத்தார். அன்பினால் பிறந்த அப்பெயரே இன்றளவும் வழங்கி வருகிறது.

பிறகு இருவரும் பிரிந்தும் மீண்டும் கூடியும் தலந்தோறும் சென்றனர். திருப்புகலூரில் சந்தித்தபொழுது, திருவாரூர்த் திருவாதிரை விழாவின் சிறப்பைச் சம்பந்தர் வினவினார். அப்பர் அதற்கு ஒரு பதிகத்தாலேயே விடை கூறினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, இருவரும் இறைவன் அளித்த காசுகளைக் கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். திருமறைக்காட்டில் அடைபட்டிருந்த கதவு திறக்க அப்பர் பாடினார். மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்பர்.

அத்தலத்தில்தான் அவர்கள் நட்பிற்கு ஒரு சோதனை நேர்ந்தது. பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை மதுரைக்கு அழைத்துத் தூது விடுத்தனர். சமயப் பூசல் கடுமையாயிருந்த காலம் அது. தாம் பட்ட துன்பங்களை எண்ணிய அப்பர், அச்சிறுவர்க்கு யாது நேருமோ என்று அஞ்சினார். நாளும் கோளும் நல்லனவாக இல்லையென்று கூறித் தடுத்தார். சம்பந்தர் கோளறு திருப்பதிகம் பாடி அவர் அச்சத்தை மாற்றினார். தம்பொருட்டு எதற்கும் கலங்காத அப்பர், நண்பர்பொருட்டுக் கலங்கினார். ஆயினும் அவர்தம் உறுதியை உணர்ந்து விடை கொடுத்தார். சம்பந்தர் தெற்கு நோக்கிச் சென்றார். அப்பர் பின்னர் வடக்கு நோக்கி நடந்தார்.

அவ்வழியில் அவர் கண்டு வணங்கிய தலங்களுள் ஒன்று திருவண்ணாமலை. ஏறத்தாழ 2,600 அடி உயர்ந்து நிற்கும் அம்மலையே இறைவன் திருவுருவாகப் போற்றப்படுவது. அதன் அடியில் நின்று அப்பர் பாடிய பதிகங்கள் மூன்று நமக்குக் கிடைத்துள்ளன. அங்கிருந்து தொண்டை நாட்டுத் தலங்களை வணங்கி, வடதிசை யாத்திரையும் முடித்துச் சோழநாடு மீண்டு, திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கினார்.

மதுரையில் வெற்றி பெற்ற சம்பந்தர், அப்பரைக் காண அங்கு வந்தார். அப்பர் எதிர்சென்று, கூட்டத்தினுள் ஒருவராய்க் கலந்து, சம்பந்தர் ஏறிவந்த சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். அப்பர் எங்குள்ளார் என்று சம்பந்தர் வினவ, சிவிகை சுமக்கும் பேறு பெற்று இங்குள்ளேன் என அவர் விடை பகர்ந்தார். அதனைக் கேட்ட சம்பந்தர் பதைபதைத்துக் கீழே இறங்கி வணங்கினார். அவர் வணங்குமுன் அப்பர் வணங்கினார்.

பிரிந்திருந்த காலத்து நிகழ்ச்சிகளை இருவரும் பேசி மகிழ்ந்தனர். சம்பந்தர் கூறிய பாண்டிநாட்டைக் காண அப்பர் புறப்பட்டார். அப்பர் வணங்கிய தொண்டை நாட்டைக் காணச் சம்பந்தர் புறப்பட்டார். பெண்ணையாற்றங்கரையிலுள்ள அறையணிநல்லூரில் நின்றவாறே, தொலைவில் தோன்றிய அண்ணாமலையைச் சம்பந்தர் கண்டு தொழுதார். பின் அங்குச் சென்று பாடினார். அவர் அருளிய அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டு. ஒன்று நட்டபாடைப் பண்ணிலும், மற்றொன்று தக்கேசிப் பண்ணிலும் அமைந்தவை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவருடன் சென்று பதிகங்களை யாழில் இசைத்து வந்தார். முன்னர் நண்பர் நின்று பாடிய மலையடியில், மற்றொருவர் குரல் பின்னர் ஒலித்தது. உடலால் பிரிந்தவர் பாட்டால் ஒன்றுபட்டனர்.

சம்பந்தர் தம் 16ஆம் ஆண்டில் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தார் என்பது மரபு. அப்பர் 81 ஆண்டுகள் வாழ்ந்து, திருப்புகலூரில் ஒரு சித்திரைச் சதய நாளில் இறைவனடி சேர்ந்தார் என்பர். இருவர் பாடல்களையும் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று திருமுறைகளாகவும், அப்பர் பாடல்கள் அடுத்த மூன்று திருமுறைகளாகவும் அடுத்தடுத்து அமைந்தன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர்தம் வரலாற்றை விரித்துரைத்தார். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது.

வயதில் மூத்தவர் தாழ்ந்து பணிந்தார். இளையவர் அவரைத் தந்தையெனப் போற்றினார். ஒருவர் பெருமையை மற்றவர் தம் பெருமையாகக் கருதினார். இத்தகைய நட்பிற்குப் பிரிவு என்பது இல்லை. அண்ணாமலைக் கோயிலில் ஓதுவார் இவ்விருவர் பதிகங்களையும் பண்ணுடன் பாடும்போது, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வன்பு இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது.