'அவ்வை சண்முகி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யை டிவியில் பார்க்காதவங்க குறைவு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம்.

1912-ல் பிறந்தவர், ஆறு வயதிலேயே அண்ணன்களோடு சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரை பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கொட்டகைதான் வீடு, பள்ளிக்கூடம் எல்லாமே. சிறுவர்களுக்கு ஒரே பயம், மகரக்கட்டு. குரல் உடைஞ்சா பாட்டும் போச்சு, வேஷமும் போச்சு!

1925-ல் சகோதரர்கள் சொந்தமாக சபா தொடங்கினாங்க. 1942-ல் அரங்கேறிய நாடகத்தில், 30 வயது சண்முகம் ஔவைப் பாட்டியாகவே மாறினார். அன்றிலிருந்து அவர் 'அவ்வை' சண்முகம்.

ஔவை கதையில் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அவர் விநாயகர் அகவல் பாடியது திருக்கோவிலூர் கோயிலில்தான் என்பது ஐதீகம்.

சிறுவனாக மேடையேறியவர், பிற்காலத்தில் குழந்தைகளுக்காகவும் நாடகம் போட்டார். அவரிடம் நடிப்புப் பழகிய சிறுவர்களில் ஒருவர் கமல்ஹாசன். 1971-ல் பத்மஸ்ரீ பெற்ற சண்முகம், 1973-ல் மறைந்தார்.

23 வருஷம் கழிச்சு, பெண் வேடம் போட்ட கமல் தன் படத்துக்கு வாத்தியார் பெயரையே வைத்தார். காமெடிப் படத் தலைப்புதான். ஆனா அது குரு காணிக்கை.