பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கின்: பம்பாய் வெற்றியும் மல்கோவால் பழியும்

மும்பை: ஆண்டாப் ஹில்லில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பரேலில் உள்ளது ஹாஃப்கின் நிறுவனம். காலரா, பிளேக் என்னும் இரு கொள்ளைநோய்களுக்குத் தடுப்பூசி கண்ட வால்டெமார் ஹாஃப்கினின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், விலங்கியல் படித்தவர். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகளில் பலர் அவரைக் கடைசிவரை அயலாராகவே நடத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். மதம் மாற மறுத்ததால் ரஷ்யாவில் கல்விப் பணி கிட்டவில்லை. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் கிருமி ஆய்வில் ஈடுபட்டார். 1892 ஜூலையில் காலரா தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டே இந்தியா வந்து பல்லாயிரம் பேருக்கு அதனைச் செலுத்தினார்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்தார். மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறு இடமே அவரது ஆய்வகம். ஊட்டக் கரைசலின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டால், அவற்றிலிருந்து பிளேக் கிருமிகள் ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கி வளரும். அவற்றைச் சூட்டினால் கொன்று தடுப்பு மருந்து ஆக்கினார். 1897 ஜனவரி 10 அன்று, மற்றவர்களுக்குத் தரவிருந்ததைவிடப் பெரிய அளவைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. விரும்பிய கைதிகளுக்கு மட்டும் ஊசி போடப்பட்டது. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். போட்டுக்கொண்டவர்களில் இருவருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் மூன்றாம் ஆகா கான் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டதால் அவர் சமூகத்தினரின் அச்சம் விலகியது. 1899இல் பரேலின் பழைய ஆளுநர் மாளிகைக்கு ஆய்வகம் மாறியது.

அதே பிளேக்கின் விளைவாக 1898இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளைதான் தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்தது. பின்னாளில் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய மாட்டுங்காவின் அகன்ற தெருக்கள் அந்தத் திட்டத்தில் பிறந்தவை.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். அனைவருக்கும் ஒரே புட்டியின் மருந்தே செலுத்தப்பட்டிருந்தது. பெருமளவு தேவையைச் சமாளிக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஆய்வகம் கைவிட்டிருந்ததால் விசாரணைக் குழு அங்கேயே குறை கண்டது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் அப்புட்டியைத் திறந்த உதவியாளர் தரையில் விழுந்த இடுக்கியை முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமல் பயன்படுத்தியது சாட்சியத்திலேயே பதிவாகியிருந்தது. இலண்டன் லிஸ்டர் நிறுவனமும் ஆய்வகத்தின் மீது பிழை காணவில்லை. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் வெளிப்படையாக வாதாடிய பின்னரே, 1907இல் பழி நீங்கியது. ஐந்தாண்டுகள் ஒரு மனிதரின் வாழ்வில் சிறு காலம் அன்று.

திரும்பி வந்தவருக்குப் பம்பாய் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஓர் ஆய்வகம் தரப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். பரேல் ஆய்வகத்திற்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.