மாலைக்கண்ணும் ஜார்ஜ் வால்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன்)

சென்ற ஆண்டு எங்கள் விலங்கியல் பேராசிரியர் கண்ணின் அமைப்பை விளக்கிக் கொண்டிருந்தபோது ஜார்ஜ் வால்ட் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினார். தேர்வுக்கு வேண்டிய அளவில் அது இரண்டு வரிச் செய்திதான். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டவர். 1967இல் நோபல் பரிசு பெற்றவர். நூலகத்தில் அவர் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினேன். தொடக்கத்திலேயே அவருடைய தந்தை ஒரு தையற்காரர் என்றிருந்தது. என் தந்தையும் தையற்காரர்தாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே புத்தகத்தை மூடாமல் மேலே படித்தேன். வேறொரு காரணமும் உண்டு. என் பாட்டிக்குச் சிறுவயதில் மாலைக்கண் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வால்ட் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை அன்று ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த போலந்துப் பகுதியிலிருந்தும், தாய் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்தும் அமெரிக்கா வந்த யூதர்கள். சிறுவன் வளர்ந்தது புரூக்ளினில். கல்லூரியில் முதலில் சட்டம் என்று எண்ணி, பிறகு மருத்துவம் என்று மாறி, கடைசியில் உயிரியலில் வந்து நின்றார். எந்தப் பாடம் எடுப்பது என்று தெரியாமல் விண்ணப்பப் படிவத்தோடு விழித்த நம்மில் பலருக்கு இது ஆறுதலான செய்தி. 1927இல் பட்டம் பெற்றார். பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், ஒளிக்கும் கண்ணுக்குமுள்ள உறவை அளந்து ஆராய்ந்த செலிக் ஹெக்டிடம் பயின்று 1932இல் முனைவரானார்.

அந்நாளில் கண்ணைப் பற்றி இரண்டு செய்திகள் தனித்தனியே கிடந்தன. ஒன்று, உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது. மற்றொன்று, 1876இல் ரோம் நகரில் ஃபிரான்ஸ் போல் கண்டது: தவளையின் விழித்திரை இருளில் சிவப்பாயிருக்கிறது, ஒளி பட்டால் மஞ்சளாகி வெளுத்துப் போகிறது. ஹைடல்பர்க்கில் வில்ஹெல்ம் கூனே அந்தச் செந்நிறமியைக் கரைத்துப் பிரித்தார். ரொடாப்சின் என்று நாம் படிப்பது அதைத்தான். ஆனால் சாப்பாட்டிலுள்ள சத்துக்கும் இந்தச் சிவப்புக்கும் என்ன தொடர்பு? அது அன்று தெளிவாக விளங்கியிருக்கவில்லை.

1932இல் உதவித்தொகை பெற்று வால்ட் பெர்லினுக்குச் சென்று, ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைட்டமின் ஏ நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே விழித்திரைகளிலிருந்து கொழுப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து, ஆன்டிமனி டிரைகுளோரைடு சேர்த்துப் பார்த்தார். கரைசல் நீலமாயிற்று. அதுதான் வைட்டமின் ஏயின் அடையாளம். அந்த வைட்டமினின் கட்டமைப்பை 1931இல் கண்டறிந்திருந்த பால் காரரிடம் ஜூரிச்சுக்குப் போய் அதை உறுதி செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அங்கிருந்து ஹைடல்பர்க்கில் ஓட்டோ மேயர்ஹாஃப் அவர்களிடம் சென்றார். கூனே வாழ்ந்த அதே ஊர். ஆனால் காலம் மாறிவிட்டது. 1933 ஜனவரியில் இட்லர் பதவிக்கு வந்துவிட்டான். யூதரான வால்ட் அங்கே தங்குவது கூடாதென்று, உதவித்தொகை தந்தவர்கள் அவரை அமெரிக்காவுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோடையில் எல்லோரும் விடுமுறைக்குப் போயிருந்தபோது ஆய்வுக்கூடத்துக்கு 300 தவளைகள் வந்து இறங்கின. வேண்டுவார் இல்லையென்று உதவியாளர் அவற்றை வெளியே விட்டுவிட இருந்தார். வால்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். நாடு விட்டு ஓட வேண்டியவன் பெட்டி கட்டுவானா, தவளை அறுப்பானா? அவர் அறுத்தார். நான் இந்த இடத்தை மட்டும் நான்கு முறை படித்தேன்.

அந்தத் தவளைகளின் விழித்திரையில் ஒளி பட்டவுடன் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று தோன்றுவதைக் கண்டார். அது வைட்டமின் ஏ அன்று; சற்று நேரம் சென்றபின் அதுவே வைட்டமின் ஏயாக மாறிற்று. அதற்கு ரெட்டினீன் என்று பெயரிட்டார். சிவப்பு, மஞ்சள், வெளுப்பு என்று போல் பார்த்த மூன்று நிறங்களுக்கும் பொருள் விளங்கிவிட்டது. ரெட்டினீன் என்பது வைட்டமின் ஏயின் ஆல்டிஹைடே என்பதைப் பின்னர் 1944இல் இங்கிலாந்தில் மார்ட்டன் காட்டினார்.

சிக்காகோவில் ஓராண்டு இருந்துவிட்டு, 1934இல் ஹார்வர்டு சென்ற வால்ட் 1977இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். ஒளி கண்ணில் என்னதான் செய்கிறது என்ற கேள்விக்கு 1950களில் அவர் கூட்டத்தார் விடை கண்டார்கள். தையற்காரர் மகன் கண்டதைத் தையற்காரர் மகனாகவே சொல்கிறேன். ரவிக்கைக் கொக்கி வளைந்திருக்கும் வரைதான் வளையத்தில் நிற்கும். ரெட்டினீன் மூலக்கூறும் அப்படி வளைந்தே ஆப்சின் என்ற புரதத்தில் மாட்டியிருக்கிறது. ஒளி வந்து அதை நிமிர்த்துகிறது, நிமிர்ந்தது கழன்றுகொள்கிறது. ஒளியின் வேலை அவ்வளவே. மற்றவையெல்லாம் இருட்டிலேயே நடந்தேறுகின்றன. இந்த ஆய்வில் பெரும்பங்கு ரூத் ஹப்பார்டு அம்மையாருடையது. இட்லருக்கு அஞ்சி வியன்னாவிலிருந்து வெளியேறிய குடும்பத்துப் பெண். வால்டின் மாணவியாயிருந்து 1958இல் அவரை மணந்தவர். நோபல் பரிசை வால்டுடன் பகிர்ந்துகொண்டவர்கள் வேறு வழியில் கண்ணை ஆராய்ந்த கிரானிட்டும் ஹார்ட்லைனும். ரூத் பெயர் அதில் இல்லாதது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது எலிகளைக் கொண்டு அவர் செய்த ஆய்வு. மாணவர் ஜான் டௌலிங்குடன் சேர்ந்து, 1958இல் வெளியிட்டது. வைட்டமின் ஏ இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஈரலில் இருந்த சேமிப்பை உடல் செலவழித்தது. அது தீர்ந்ததும் இரத்தத்தில் அளவு சரிந்தது. அடுத்து விழித்திரையில் ரொடாப்சின் குறைந்து மாலைக்கண் வந்தது. இந்த நிலையில் வைட்டமினைக் கொடுத்தால் பார்வை மீண்டுவிடும். கொடுக்காவிட்டால் ஆப்சினும் குறைந்து, பார்வைச் செல்களே சிதைந்துபோகும். அதற்குப்பின் கொடுத்து என்ன பயன்?

1960இல் இன்னொன்று செய்தார்கள். வைட்டமின் ஏக்குப் பதிலாக அதன் அமிலத்தைக் கொடுத்தார்கள். எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, ஆனால் குருடாயின. அந்த அமிலத்தை உடலால் மீண்டும் ரெட்டினீனாக மாற்ற முடியாது. ஆக, ஒரே கொழுப்புப் பொருளுக்கு இரண்டு வேலை. ஆல்டிஹைடாகிப் பார்வைச் செல்லைக் காக்கிறது. அமிலமாகி மற்ற உடலை வளர்க்கிறது. அமிலம் எப்படி வளர்க்கிறது என்பது 1987இல் தெரிந்தது. செல்லின் உட்கருவில் அதற்கென்றே ஏற்பிகள் உண்டு. அங்கே சென்று எந்த மரபணு இயங்க வேண்டுமென்று தகவல் சொல்கிறது. கண்ணின் மேற்பரப்பைப் பழுதின்றி வைத்திருப்பதும் இந்தத் தகவல்தான்.

வால்ட் நல்லாசிரியர். 1966இல் டைம் இதழ் அமெரிக்காவின் சிறந்த ஆசிரியர் பதின்மரில் ஒருவராக அவரைக் குறித்தது. வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். 1969 மார்ச் 4 அன்று எம்.ஐ.டி.யில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. 1997 ஏப்ரல் 12ஆம் நாள், தொண்ணூறு வயதில் மறைந்தார்.

இனிப் பாட்டி கதை. டௌலிங்கும் வால்டும் எலிகளுக்கு உணவு அளந்து கொண்டிருந்த அதே காலம். பாட்டிக்கு எட்டு வயது. மழை பொய்த்த ஆண்டு, வீட்டில் கூழ்தான். களையெடுத்துவிட்டு மாலையில் திரும்பும்போது வரப்பு தெரியாமல் விழுவாராம். யாரோ சொல்லி, ஆட்டு ஈரலை வாங்கிச் சுட்டுக் கொடுத்தார்கள். சில நாளில் பார்வை திரும்பிவிட்டது. அவருக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்குக் கண்ணில் பூ விழுந்து இரண்டு கண்ணும் போயிற்று. சாமி குற்றம் என்றார்கள்.

தீபாவளி விடுமுறையில் வால்டின் எலிகளைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். தம்பிக்கும் அப்போது மாலையில் கண் தெரியாமலிருந்திருக்குமா என்றார். இருந்திருக்கும் என்றேன். பொழுது சாய்ந்தால் அவன் எப்போதும் தன் இடுப்பில்தான் இருப்பான், நடக்கவிட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை என்றார். பிறகு, அந்த ஈரலில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது, மறுநாள் காலையில் அதையும் நானே தின்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.